ரொட்டிக்காரி மெலின்னாவின் ஒன்பது நாட்கள்

கெரினா சந்தையில் ரொட்டி விற்கும் பெண்களுக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த சங்கதி. அந்தக் கூட்டத்திலும் மெலின்னாவுக்குத் தனி இடம் உண்டு. ரொட்டியை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்ந்த ஒரு குதிரை வியாபாரியை, அவனுடைய மூன்று தலைமுறையையும் சந்தியில் நிறுத்தி அவள் வைத வசவு அடுத்த சந்தை வரைக்கும் பேச்சாக இருந்தது. நல்ல கனத்த குரல். கூடையை இறக்கிவைத்து, "பார்லி ரொட்டீ... சூடாறுறதுக்குள்ள வாங்க..." என்று கூவினால் கோட்டைச் சுவரில் மோதி ஆட்டுக் குன்று வரைக்கும் போகும்.

வாய் எவ்வளவு நீளமோ சந்தேகம் அதைவிட நீளம். மாவு அரைப்பவன் தவிடு கலக்கிறான் என்பாள். எண்ணெய்க்காரன் அளவைச் சாடியின் அடியில் மெழுகு ஒட்டியிருக்கிறான் என்பாள். பூசாரி பலி ஆட்டின் நல்ல தொடையைத் தன் வீட்டுக்கு அனுப்புகிறான் என்பதைப் பூசாரியிடமே சொன்னாள். புருஷன் உயிரோடு இருந்தவரை அவன் மேலும் சந்தேகம்தான். அவன் செத்து ஒரு வருஷம் கழித்து, "பாவம், நல்லவன்தான்னு நெனக்கிறேன்" என்றாள். அதிலும் அந்த "நெனக்கிறேன்" ஒட்டிக்கொண்டே இருந்தது.

உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் தம்பி தெலெசோன். அவளுக்கு எட்டு வயதில் தாய் போய்விட்டாள். இடுப்பில் தூக்கி வளர்த்தது அவள்தான். லம்பீதோஸ் கோட்டையைப் பிடித்து ஊருக்குத் தலைவனான வருஷம், அவனை எதிர்த்தவர்களோடு தெலெசோனும் துரத்தப்பட்டான். மனைவி நிக்கோவையும் கைக்குழந்தையையும் அக்காள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். மூன்று வருஷம் கழித்து, அத்திமரம் துளிர்க்கும் பருவத்தில், துரத்தப்பட்டவர்கள் ஏணிகளோடு திரும்பி வந்தார்கள். விடிவதற்குள் சண்டை முடிந்துவிட்டது. தப்பியவர்கள் தங்கள் பிணங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒன்றை மட்டும் தூக்க முடியவில்லை.

மெலின்னா மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கருவாட்டுக்காரி கிரிசிஸ் வாசலில் வந்து நின்றாள். பக்கத்து வீடு, பக்கத்துக் கடை, இருபது வருஷத்துச் சண்டை.

"மெலின்னா, உன் தம்பிடி... மேக்கு வாசல்ல..."

"யாருடி சொன்னா உனக்கு?"

"நானே பாத்தேன்."

"நீ எதுக்கு அந்நேரத்துக்கு மேக்கு வாசலுக்குப் போன?"

தம்பி செத்த செய்தி கேட்டதும் அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அதுதான். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. லம்பீதோஸ் வந்த மூன்று வருஷத்தில் ஊரே அப்படித்தான் ஆகியிருந்தது. கிரிசிஸின் அக்காள் மகன் ஒருவன் தலைவனின் சமையல்கட்டில் வேலைக்கு இருந்தான். அது போதாதா சந்தேகப்பட? கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் மெலின்னா மாவு அப்பிய கைகளோடு தரையில் உட்கார்ந்தாள்.

உச்சி வேளைக்குமுன் பறைசாற்றுகிறவன் வந்து சட்டத்தைச் சொல்லிவிட்டுப் போனான். தெலெசோன் ஊருக்குப் பகைவன். மேற்கு வாசலுக்கு வெளியே நாற்சந்தியில் அப்படியே கிடப்பான். அவன்மேல் யாரும் மண் போடக் கூடாது. அவனுக்காக அழக் கூடாது, கூந்தலைக் கத்தரிக்கக் கூடாது, அவன் பேரைச் சொல்லக் கூடாது. மீறினால் கல்லடி; வீட்டுக்கு ஒருவர் வந்து ஆளுக்கு ஒரு கல் எறிய வேண்டும். போதாததற்கு மெலின்னாவுக்கென்று தனியாக ஒரு வரி: அவள் மேற்கு வாசலைத் தாண்டக் கூடாது.

அன்று வீட்டில் நிக்கோ அழவில்லை. சுவரில் சாய்ந்து, நான்கு வயது மகள் லீசில்லாவின் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். மெலின்னா அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏண்டி, உன் கண்ணு வத்திப்போச்சா?"

"அழக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்களே அண்ணி. வெளிய கேட்டா?"

"பறையடிக்கிறவன் சொன்னா கண்ணீரு நின்னுருமா? எங்களுக்கெல்லாம் நிக்கலையே."

"உங்களுக்கு ஒரு தம்பிதான் போனாரு. எனக்கு இவள காப்பாத்தணும்."

அந்தப் பதில் நியாயமானதுதான். ஆனால் மெலின்னாவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. இருபத்து நாலு வயசுக்காரி, இன்னொரு கல்யாணத்துக்கு வழி பார்க்கிறாளோ? தலைவனின் ஆட்களிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாளோ? இந்த எண்ணத்தோடேயே அவள் அடுப்பை மூட்டினாள்.

தம்பிக்குச் செய்ய வேண்டிய கடன் அவளுடையது. அப்பன் இல்லை, அண்ணன் இல்லை. குழந்தையோ பெண் குழந்தை, அதுவும் பால் மணம் மாறாதது. பிணத்தைக் கழுவி எண்ணெய் பூச வேண்டும், மண் போட வேண்டும், பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பிவைக்க வேண்டும். இவை நடக்காதவன், செத்தவர்கள் கடக்க வேண்டிய ஆற்றின் இந்தக் கரையிலேயே அலைவான். படகுக்காரன் ஏற்றிக்கொள்ள மாட்டான். தூக்கி வளர்த்த பிள்ளை போக்கிடம் இல்லாமல் கரையில் நிற்பதை நினைக்கும்போதெல்லாம் அவள் மாவை அப்படியே விட்டுவிட்டு வாசல்வரை வந்தாள். கல்லை நினைத்ததும் உள்ளே திரும்பிவிட்டாள். அவள் ஒன்றும் வீராங்கனை அல்ல. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவளுக்குப் பயம்தான் முதலில் வந்தது.

மறுநாள் விடிந்ததும் தலைவனின் ஆட்கள் நாலு பேர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிணத்தின் மேல் மண் கிடந்ததாம்.

"கையக் காட்டுடி."

காட்டினாள். நகத்துக்குள் மாவுதான் இருந்தது. அதை ஒருவன் நாக்கில் வைத்துப் பார்த்தான். மாவுச் சல்லடையை எடுத்துப் பார்த்தார்கள். செருப்பின் அடியைப் பார்த்தார்கள். முக்காட்டை விலக்கிக் கூந்தல் அப்படியே இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

"நான் வாசலயே தாண்டல. எம்மேல சத்தியம். உங்காளு ஒருத்தன் ராத்திரி பூரா என் வீட்டு முன்னாடிதான கொறட்ட விட்டான், அவனக் கேளு."

அவன் உண்மையாகவே குறட்டைதான் விட்டிருந்தான் போல. மற்ற மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். விஷயம் அதோடு நின்றது.

அவர்கள் போனதும் மெலின்னா நிக்கோவின் செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நிக்கோ அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"நான் போடல அண்ணி. நீங்க போட்டீங்களோன்னு நான் நெனச்சேன்."

"நான் போட்டிருந்தா உங்கிட்ட சொல்லுவனா?"

"அதான் எனக்கும்."

பிறகு யார் போட்டார்கள்? மெலின்னா அன்று முழுதும் அதையே மென்றுகொண்டிருந்தாள். கடைசியில் அவளுக்குப் பிடிபட்டது, அல்லது பிடிபட்டதாக நினைத்தாள்: இது பொறி. மண்ணை அவர்களே போட்டிருக்கிறார்கள். 'வேறு யாரோ தொடங்கிவிட்டார்கள், நாமும் போவோம்' என்று அக்காள்காரி கிளம்பி வருவாள், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். லம்பீதோஸின் மூளை அப்படித்தான் வேலை செய்யும். அவனுடைய மூளைக்கு அவள் கொடுத்த மரியாதை கொஞ்சம் அதிகம் என்பது பிறகு தெரிந்தது.

மூன்றாம் நாள் செய்கிற சடங்கையாவது வீட்டுக்குள் செய்யலாம் என்று தோன்றியது. செத்தவன் கையில் ஒரு தேன் அடை கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். கீழ் உலகத்து வாசலில் நிற்கும் நாய்க்குப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். வெளிச்சம் வரும் நேரத்தில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தேனும் எள்ளும் சேர்த்து உள்ளங்கை அளவு ஒன்றைச் சுட்டாள். நிக்கோ பார்த்தாள். அடுப்புக்குத் தணல் வாங்க வந்து கதவைத் தட்டிய கிரிசிஸ் பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

வெயில் ஏறுவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"தேன் அட சுட்டியாமே, எங்க?"

அடை அடுப்புக்குப் பின்னால் இலைக்கடியில் இருந்தது. மெலின்னா கை நீட்டி எடுத்து, அவர்கள் கண் முன்னாலேயே வாயில் போட்டுக்கொண்டாள்.

"எனக்குத்தான் சுட்டேன். பல்லு வலி. மெத்துன்னு எதாவது திங்கணும்போல இருந்துச்சு. அதுக்கும் சட்டம் போட்டிருக்கா ஒங்க தலைவரு?"

தம்பியின் வழிச்சோற்றை அவள் மென்று விழுங்கினாள். தேன் கசந்தது. அவர்கள் போனபிறகு பின்கட்டில் போய் அத்தனையும் வாந்தி எடுத்தாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நிம்மதி என்பது பேச்சுக்கும் இல்லை. சொன்னது யார்? நிக்கோவா, கிரிசிஸா? இரண்டில் ஒன்று. நிக்கோ தண்ணீருக்குப் போனால் எத்தனை நேரம் ஆகிறது என்று மெலின்னா நிழலைப் பார்த்தாள். நிக்கோ பேசினால் ஏன் பேசுகிறாள், பேசாவிட்டால் ஏன் பேசவில்லை என்று யோசித்தாள். தனக்கென்று வைத்த கூழை, நிக்கோ ஒரு வாய் குடிக்கும்வரை அவள் தொடவில்லை. கிரிசிஸிடமோ அந்தப் பொறுமைகூட இல்லை. ஐந்தாம் நாள் சந்தையில், அத்தனை பேர் நடுவில் உடைந்துவிட்டது.

"ஏண்டி கருவாட்டுக்காரி! தணலு வாங்க வந்தியா, தகவலு பொறுக்க வந்தியா?"

"என்னடி ஒளர்ற?"

"ஒங்க அக்கா மவன் சட்டி கழுவுற இடத்துல எம்பேச்சு எப்படி வேகுது? இங்க வெக்கிற தணலு அங்க எப்படிப் பத்துது?"

கிரிசிஸின் முகம் சிவந்தது. வழக்கமாக அவள் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவள். அன்று கூடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஒனக்கு நல்லது நெனக்கிறவள நாய் கடிக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். திருப்பி வையாததே மெலின்னாவுக்குப் பெரிய சாட்சியாகப் பட்டது. குற்றம் உள்ள நெஞ்சு, அதான் வாய் எழவில்லை என்று பக்கத்துக் கீரைக்காரியிடம் சொன்னாள். கீரைக்காரி அவசரமாக வேறு பக்கம் பார்த்தாள். அவளையும் மெலின்னா கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

இதற்கிடையில் பிணத்தின் மேல் மண் விழுவது நிற்கவில்லை. காவல்காரர்கள் விளக்குமாற்றால் தள்ளிவிடுவார்களாம்; வெயில் சாய்வதற்குள் மறுபடி மண் கிடக்குமாம். காவலை இரட்டிப்பாக்கினார்கள். மண்ணும் இரட்டிப்பானது. ஆவி வேலை என்றான் ஒருவன். காற்று என்றான் இன்னொருவன். மேற்கிலிருந்து ஒரு பொட்டுக் காற்றில்லாத வாரம் அது.

ஏழாம் நாள் கோட்டைச் சுவரின் மேல் நிற்கும் காவலுக்கு ரொட்டி கேட்டு ஆள் வந்தான். சுவர் ஊருக்குள் இருப்பதுதான். வாசலைத் தாண்டத்தானே தடை? மெலின்னா கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். இதுவும் பொறியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் ஏறினாள்.

மேலே உள்ளூர்க் காவல்காரன் பார்மேனோன் இருந்தான். ஐம்பது வயது, முழங்கால் வலிக்காரன், அவளிடம் பதினைந்து வருஷமாக ரொட்டி வாங்குகிறவன். கீழே வாசலில் வெளிநாட்டிலிருந்து கூலிக்கு வந்த திரேசியாக்காரன் ஒருவன் ஈட்டியோடு நின்றான்.

"கீழ பாக்காத" என்றான் பார்மேனோன்.

பார்த்தாள். ஏழு நாள் வெயிலுக்குப் பிறகு அங்கே கிடந்ததைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. பாதிக்குமேல் மண் மூடியிருந்தது, அந்த மட்டில் நல்லது.

நாற்சந்தியில் நடமாட்டம் இருந்தது. ஊற்றுக்குப் போகிற பெண்கள், வயலுக்குப் போகிறவர்கள், ஆடுகள். அந்த வழியை மிதிக்காமல் கெரினாவில் ஒரு நாள் பிழைக்க முடியாது. குடத்தோடு போன ஒருத்தி தடுக்கியது போலக் குனிந்து எழுந்தாள். அவள் முந்தானை மடிப்பிலிருந்து ஏதோ சரிந்தது. பின்னால் வந்த கிழவர் கோலால் தரையைக் கீறி ஒரு தட்டுத் தட்டினார், மூன்று முறை. ஆட்டுக்காரன் ஆட்டை விரட்டுகிற சாக்கில் காலால் மண்ணை வாரி இறைத்தான். ஒவ்வொருவரும் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி போனார்கள்.

அப்போதுதான் மெலின்னாவுக்கு உறைத்தது. தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது: புதைக்காத பிணத்தைக் கண்டவர்கள் மூன்று பிடி மண் போடாமல் தாண்டினால் அந்தத் தீட்டு அவர்கள் கூடவே வீட்டுக்கு வரும். ஆடு சினை பிடிக்காது, விதைத்தது முளைக்காது, பலிபீடத்தின் பக்கம் தலைகாட்ட முடியாது. பயப்படட்டும் என்று லம்பீதோஸ் பிணத்தை ஊரே பார்க்கிற இடத்தில் போட்டான். ஊரே பார்த்தது, ஆகவே ஊருக்கே கடன் விழுந்தது. அவன் மட்டும் கோட்டையைவிட்டு இறங்காததால் இது அவனுக்குத் தோன்றவில்லை. இவளும் அந்த வழியை மிதிக்காததால் இவளுக்கும் தோன்றவில்லை.

பிறகு கருவாட்டுக் கூடையோடு கிரிசிஸ் வந்தாள். செருப்பு வாரைக் கட்டுகிற மாதிரி குனிந்தாள். ஒரு பிடி. இரண்டு. மூன்று. அதோடு நிற்காமல் நாலாவதாகவும் ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

'என்னை மாட்டிவிடத்தான் போடுகிறாளோ?' சத்தியமாக அவளுக்கு முதலில் அதுதான் தோன்றியது. தோன்றிய மறுகணமே கன்னத்தில் அறைந்த மாதிரி வெட்கமாக இருந்தது. ஊரில் அத்தனை பேரும் தன் தம்பிக்கு மண் போட்டாயிற்று. போடாதது, பெற்ற தாய் மாதிரி வளர்த்த தான் ஒருத்திதான்.

"நீ போட்டியா?" என்று பார்மேனோனைக் கேட்டாள்.

அவன் ரொட்டியைப் பிய்த்து மென்றான். "பேரன் பொறக்கப் போறான் எங்க வீட்ல. தீட்டோட நான் வீட்டுக்குப் போவனா?" என்றான். பிறகு, "மண்ணு யாரு வேணா போடலாம். கூப்பிடறது?" என்றான்.

அதுதான் விஷயம். மண்ணைத் திருட்டுத்தனமாகப் போட்டுவிடலாம். பேர் சொல்லிக் கூப்பிடுவதை ரத்த உறவுதான் செய்ய வேண்டும், வாய்விட்டு, மூன்று தடவை, ஒன்பதாம் நாள் முடிவதற்குள். அன்றைக்கு ரத்த உறவின் குரலில் கடைசியாகக் கேட்கிற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் செத்தவன் கரையைத் தாண்டுவான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. முணுமுணுத்தால் எட்டாது.

ஒன்பதாம் நாள் காலையில் மெலின்னா வழக்கம்போல ரொட்டி சுட்டாள். நிக்கோவிடம் ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் நம்பவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கிழக்கு மூலையைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, மேற்கு வாசலுக்கு நடந்தாள். வாசலில் பார்மேனோன் நின்றான்.

"எங்கண்ணுல தூசி. ஒண்ணும் தெரியல" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டான்.

பத்து அடி வைத்தாள். மண்மேட்டின் முன்னால் கூடையை இறக்கினாள். ஊற்றுப் பாதையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். கிரிசிஸ் இருந்தாள். குடத்தோடு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிக்கோவும் இருந்தாள். அவள் தினமும் தண்ணீருக்குப் போய், இங்கே மண் போட நின்றதால்தான் நேரம் கழித்து வந்தாள் என்பது மெலின்னாவுக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. மெலின்னா மூன்று பிடி மண் அள்ளிப் போட்டாள். சந்தையில் கூவுகிற குரலிலேயே கூப்பிட்டாள்.

"தெலெசோன்! தெலெசோன்! தெலெசோன்! அக்கா வந்திருக்கேன்டா. போய்ட்டு வா!"

சுவரில் மோதி, குன்றில் மோதித் திரும்பி வந்தது. திரேசியாக்காரன் ஓடிவந்து அவள் மயிரைப் பிடித்தான்.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் லம்பீதோஸே இறங்கி வந்துவிட்டான். வாசலிலேயே நாற்காலி போட்டார்கள். மண்மேட்டைப் பார்த்ததும் அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். ஒரு குட்டை மனிதன். கோபத்தில் தாடி ஆடிக்கொண்டே இருந்தது. திரேசியாக்காரன் அரைகுறைப் பேச்சில் சொன்னான்: "ரொட்டிக்காரி மண் போட்டாள். செத்தவன் பேர் கத்தினாள்." கூலிக்காரன் ஒருவனின் சொல்லை வைத்து ஊர்க்காரியைக் கல்லெறிய முடியாது, உள்ளூர் ஆட்கள் சத்தியம் செய்ய வேண்டும் என்பது லம்பீதோஸுக்கும் முந்திய சட்டம். அங்கே நின்றவர்களை வரிசையில் நிறுத்தச் சொன்னான். பெண்கள் பொய்ச் சத்தியம் செய்யாமல் இருக்க, பிள்ளைகள் தலைமேல் கை வைத்துச் சொல்ல வேண்டும் என்றான். அந்தச் சத்தியம் பொய்த்தால் பிள்ளை விளங்காது.

பார்மேனோனைக் கேட்டார்கள்.

"கண்ணுல தூசி. காதுல ரொட்டி, ரொட்டின்னு கேட்டுச்சு. பொறக்கப் போற எம்பேரன் மேல சத்தியம்."

கிரிசிஸ் முன்னால் வந்தாள். தன் மகனின் தலையில் கை வைத்தாள்.

"பார்லி ரொட்டின்னு கூவுனா. வேற என்ன தெரியும் இந்தக் கழுதைக்கு? இருவது வருசமா எங்காது கிழியுது. எம்புள்ள மேல சத்தியம்."

கீரைக்காரி சொன்னாள். ஆட்டுக்காரன் சொன்னான். மெலின்னா ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டு நின்றாள். இதில் ஒருவர் அடுத்த நொடி மாற்றிச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள். கடைசியில் நிக்கோ வந்தாள். லீசில்லாவின் தலையில், செத்தவனின் மகளுடைய தலையில், கை வைத்தாள்.

"ரொட்டின்னுதான் கூவுனாங்க."

லம்பீதோஸ் முட்டாள் இல்லை. ஐந்து பேரும் பொய் சொல்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது. மெலின்னா பக்கம் திரும்பினான்.

"நீ சொல்லு. பேரச் சொல்லிக் கூப்பிட்டியா இல்லயா?"

ஆமாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. கல்லடி பட்டுச் சாவது அப்போது அவளுக்கு அவ்வளவு பயமாக இல்லை. கூப்பிட்டாயிற்று, தம்பி கேட்டுவிட்டான். ஆனால் ஆமாம் என்றால் இந்த ஐந்து பேரும் பொய்ச் சத்தியக்காரர்கள். கல் வரிசையாக விழும். நிக்கோவின் விரல்கள் குழந்தையின் மயிருக்குள் இறுகியிருந்ததைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

"அப்ப என்ன கூவுன?"

"ரொட்டி."

"கூவு. காலைல கூவுன மாதிரியே. மூணு தடவ. எல்லாரும் கேக்கட்டும்."

மண்மேடு பத்தடி தள்ளி இருந்தது. இன்னும் ஒன்பதாம் நாள் முடியவில்லை. இப்போது அவள் வாயிலிருந்து வருவதுதான் கடைசிச் சொல்லாக அவனுக்குக் கேட்கும். பேருக்கு மேல் அது போய் உட்காரும். காலையில் கொடுத்ததைக் கையிலிருந்து பிடுங்குவதுபோல ஆகிவிடும். முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. தலைவனின் ஆட்களில் ஒருவன் சிரித்தான்.

"கூவேண்டி!" என்று கிரிசிஸ் கத்தினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "எம்புள்ள தலைல கை இருக்குடி!"

மெலின்னா மண்மேட்டைப் பார்த்தபடியே கூவினாள்.

"பார்லி ரொட்டீ... பார்லி ரொட்டீ... பார்லி ரொட்டீ..."

காலையில் இருந்த அதே குரல். குன்றுவரை போய்த் திரும்பியது. உள்ளூர்ச் சாட்சி ஒன்றும் இல்லாமல் கல்லெறியச் சொல்ல முடியாது; லம்பீதோஸ் எழுந்து போய்விட்டான். அந்த மேட்டைக் கலைக்கச் சொல்லி அவன் உத்தரவு போட்டதாக யாரும் கேள்விப்படவில்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் அதற்குப் பிறகு ஒளிக்காமலே மண் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நிக்கோ முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். அவளை மடியில் சாய்த்துக்கொண்டு மெலின்னா முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அவருக்கு உங்க குரலு போதும் அண்ணி. என்ன சொன்னா என்ன?"

"சும்மா என்னத் தேத்தாத" என்றாள் மெலின்னா. "ரொட்டி விக்கப் போய்ட்டா நம்ம அக்கான்னு நெனச்சிருப்பான்."

தேன் அடையைப் பற்றித் தலைவனிடம் சொன்னது யார் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. எனக்கும் தெரியாது. தனக்காகப் பிள்ளை தலையில் கை வைத்த இரண்டு பேரில் ஒருத்தி. அதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் பொருந்தவில்லை. கேட்க நினைத்து ஒரு நாள் கிரிசிஸின் கடைவரைக்கும் போனாள். கொஞ்சம் கருவாடு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு இருபத்தோரு வருஷம் மெலின்னா சந்தையின் அதே மூலையில் ரொட்டி விற்றாள். வசவுக்கு ஒன்றும் குறைவில்லை. மாவு அரைப்பவனும் பூசாரியும் கடைசிவரை தப்பவில்லை. ஆனால் ஒரு நாள்கூட அவள் ரொட்டி என்று கூவவில்லை. கூடையைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெளியூர்க்காரன் எவனாவது, "என்ன விக்கிற ஆத்தா?" என்று கேட்டால் பக்கத்துக் கடையிலிருந்து கிரிசிஸ்தான் பதில் சொல்வாள்.